எட்னாவுக்கு நாலு டிக்கெட்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது போகிறோம் என்று சொன்னால் அதோடு நிறுத்தத் தெரியாது. “நீங்களும் வாங்கோவன்” என்று ஒரு வால் ஒட்டியே ஆகவேண்டும். கேட்பவர் “ஐயோ, எங்களுக்கெங்க நேரம்” என்று மறுக்கவேண்டும். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும். எனக்கு இந்த வியாதி முற்றிய நிலை. (பல்லுப் பிடுங்கப் போனபோதுகூட இரண்டு பேரை அழைத்திருக்கிறேன்.)

2006 கோடை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் வதனியும் சேர்ந்து போன தூரப்பயணம், லண்டனில் நாங்கள் இருந்த மிச்சம் பகுதியிலிருந்து பக்கத்து டூட்டிங்குக்கு மரக்கறி வாங்கப் போனதுதான். அவள் சிசிலித் தீவின் எட்னா எரிமலைப் படமொன்றைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். “பிள்ளையள் பிறக்க முதல் ஒருக்கா. நாங்கள் ரெண்டு பேர் மட்டும்” என்றாள். சத்தியம் செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே ஆர்ச்வே கோயில் வாசலில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சோமு மாமாவைக் கண்டேன்.

“எரிமலை பார்க்கப் போறம் மாமா. நீங்களும் மாமியும் வாங்கோவன்.”

அவர் மறுப்பதற்காகச் சிரித்தபடி காத்து நின்றேன்.

“ஓம் தம்பி, வாறம். எத்தினையாந் தேதி?”

(விளையாட்டின் விதி தெரியாமல் அந்த மனுசன் அறுபது வயதுவரை எப்படித்தான் சமாளித்தாரோ!) விஷயம் கேட்டு வதனி கத்தவில்லை. “சரி” என்றாள். பிரிட்ஜில் இருந்த படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவிடம் போய் ‘வராதீர்கள்’ என்று சொல்லும் அளவுக்கு வெட்கம் போதவில்லை.

சிசிலியில் மூன்று நாட்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் மாமா இருந்தார். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், படத்தில், எல்லாவற்றிலும். நாலாம் நாள் மலைக்குப் போனோம். கேபிள் காரைப் பார்த்ததும் மாமா கார் பார்க்கிலேயே நின்றுவிட்டார்.

“உந்தக் கம்பியில தொங்கிக்கொண்டோ? எனக்கு ஏலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ.”

கடவுளே கதவைத் திறந்துவிட்டார். மாமியை முன்னால் போகிற பெட்டியில் ஏற்றிவிட்டு, நானும் வதனியும் அடுத்ததில் தனியே இருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவேண்டியதுதானே?

“உங்களைத் தனிய விட்டிட்டோ? நானும் நிக்கிறன் மாமா.”

‘சீச்சீ, நீர் போம்’ என்று அவர் சொல்லவேண்டும்.

“அப்ப நல்லது. இரும்” என்றார் மாமா.

வதனியின் கையில் நாலு டிக்கெட் இருந்தது. இரண்டை என் சட்டைப்பைக்குள் செருகினாள். “வாங்கோ மாமி, நாங்கள் போவம்.”

சேலைக்குச் சப்பாத்துப் போட்டிருந்த மாமி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அடுத்த மூன்று மணித்தியாலம் மாமா தன் முழங்கால் ஆபரேஷனைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். இரண்டு முழங்கால்.

வதனியும் மாமியும் முகமெல்லாம் எரிமலைக் கரும்புழுதி படிந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். “எடி பிள்ளை, அடுத்த வருசமும் எங்கயாவது இப்பிடி ஏறுவம்” என்றார் மாமி. வதனி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

அடுத்த வருடம் மட்டுமல்ல, இன்றுவரை வதனியும் மாமியும் முடிந்தபோதெல்லாம் மலையேறப் போகிறார்கள். பெட்டி தூக்குவது என் பொறுப்பு. பிறகு பிறந்த எங்கள் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். வீட்டுக்கு வருகிறவர்கள் எட்னாவைப் பற்றிக் கேட்டால் அவள்தான் முந்திக்கொள்வாள்:

“மேல என்ன இருக்கெண்டு அம்மாவைக் கேளுங்கோ. கார் எங்க விடலாமெண்டு அப்பாவைக் கேளுங்கோ.”