முப்பது வினாடிச் சரிபார்ப்பு

சிங்கப்பூரில் எந்தக் குப்பையையும் சட்டப்படி தூக்கிப் போடலாம். அது என்ன குப்பை என்று முதலில் அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான ஒரு விஷயத்துக்கு லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் ஏர்கான் சர்வீஸ் கடை வைத்திருக்கும் விசாலாட்சி ஆறு மாதம் அலைந்தாள் என்றால், தப்பு அவள் பேரில்தான் இருக்க வேண்டும்.

முதல் தப்பு, அவள் கடையின் பின்னறையைச் சுத்தம் செய்தது. பழைய கம்ப்ரெஸர்களுக்கு அடியில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் அடைத்த காஸ். ஓசோனை ஓட்டை போடுகிறது என்று உலகமே தடை செய்த சரக்கு. காலிச் சிலிண்டரின் எடையைக் கழித்துவிட்டுத் தராசில் வைத்தாள். உள்ளே சுத்தமாகப் பன்னிரண்டு கிலோ இருந்தது.

பக்கத்துக் கடை ரஞ்சன் எட்டிப் பார்த்தான். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன்.

"அக்கா, பின் சந்துல வச்சு வால்வைத் தெறந்து விடுங்க லா. ஒரு கோப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். யாரு பாக்கப் போறா?"

"இருபத்தாறு வருஷமா ஒரு கிராம் காஸை நான் வெளிய விட்டதில்ல ரஞ்சன். இதுக்கா விடப் போறேன்?"

அது வெறும் பேச்சு இல்லை. அவளிடம் வேலை செய்யும் ஆறு பேரும் துவாஸில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து வருகிறவர்கள். வேலைக்குச் சேரும் அன்றைக்கே, "காஸை மெஷின்ல உறிஞ்சி எடுக்கணும், காத்துல விட்டா அன்னைக்கே ஊருக்கு டிக்கெட்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. சர்வீஸ் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில், "தடைசெய்யப்பட்ட பழைய குளிர்வாயு தங்கள் வசம் உள்ளதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று அழுத்தினாள். இந்தத் தீவில் அந்தப் பொத்தானை அதற்கு முன் யாரும் அழுத்தியதில்லை போலிருக்கிறது. கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு, "தங்கள் நேர்மைக்கு நன்றி. மேற்படி வாயு முறைப்படி அகற்றப்படும்வரை தங்கள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது" என்றது.

உரிமம் முடிய ஆறு மாதம் இருந்தது. அது போனால் கடை போகும். கடை போனால் ஆறு பேரின் வேலை அனுமதியும் போகும்.

பழைய குளிர்வாயு நல்லடக்கப் பிரிவு ஓர் உயர்ந்த கட்டடத்தின் பதினெட்டாவது மாடியில் இருந்தது. உள்ளே ஏர்கான் பதினெட்டு டிகிரி. ஊழியர்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மிதுனன், முப்பது வயதுக்காரர், ரொம்ப மரியாதையானவர்.

"ரொம்ப சிம்பிள் மேடம். துவாஸ்ல எரிக்கிற ஆலை இருக்கு. அங்க கொண்டுபோக பர்மிட் வேணும். பர்மிட்டுக்கு வெரிஃபிகேஷன் வேணும். வெரிஃபிகேஷன் பதினாலு நாளைக்கு செல்லும்."

"பர்மிட் எத்தனை நாள்ல வரும் தம்பி?"

"இருபத்தொரு நாள்."

விசாலாட்சி விரல் விட்டு எண்ணினாள். "பர்மிட் வர்றப்போ வெரிஃபிகேஷன் முடிஞ்சி போயிருக்குமே?"

"கரெக்ட் மேடம். கவலைப்படாதீங்க, திரும்ப வெரிஃபை பண்ணிக்கலாம். அது ஃப்ரீ."

"அப்புறம் அந்த பர்மிட்டைக் காட்டிக் கொண்டுபோலாமா?"

"புது வெரிஃபிகேஷனுக்குப் புது பர்மிட் மேடம். இருபத்தொரு நாள்."

மறுநாளே மிதுனன் கடைக்கு வந்தார். கையுறை, கண்ணாடி, ஸ்டாப்வாட்ச் எல்லாம் இருந்தன. சிலிண்டரைப் பின் சந்துக்குத் தூக்கிவரச் சொன்னார். வால்வைத் திறந்தார். காஸ் சீறிக்கொண்டு போயிற்று. முப்பது வினாடி ஆனதும் மூடிவிட்டு, "நிறமில்லை. மணமில்லை. உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டார். தராசு பத்தரைக் கிலோ காட்டியது.

விசாலாட்சி தராசைக் காட்டினாள். "தம்பி, ஒன்றரைக் கிலோ காத்துல போயிடுச்சே!"

"இது ரிலீஸ் இல்ல மேடம். வெரிஃபிகேஷன். ரிலீஸுக்குத் தனி ஃபாரம் இருக்கு. அனுமதியில்லாம ரிலீஸ் பண்ணா பெரிய குற்றம்" என்றார் மிதுனன். போகும்போது "என் பசுமைப் பயணம்" என்று அச்சடித்த துணிப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

இருபத்தொரு நாள் கழித்து பர்மிட் வந்தது. அன்றே சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு துவாஸுக்குப் போனாள். ஆலை வாசலில் காவலிருந்த அம்மா பர்மிட்டைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். வெரிஃபிகேஷனைப் பார்த்தார், ஏழு நாள் முன்பே காலாவதி என்றார். திரும்பி வந்தாள். மிதுனன் வந்தார். முப்பது வினாடி. ஒன்பது கிலோ. இன்னொரு துணிப்பை.

மூன்றாம் தடவை அவள் வால்வின் மேல் கையை வைத்து மறித்தாள். "லேபிள்லயே எழுதியிருக்குல்ல தம்பி? போன மாசம் நீங்களே பாத்தீங்கல்ல?"

"போன மாசம் இருந்தது போன மாசத்து காஸ் மேடம். இதுக்குள்ள மாத்தி அடைச்சிருக்கலாம். உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

மேலதிகாரிகளுக்கு நான்கு கடிதம் எழுதினாள். நான்குக்கும் பதில் வந்தது. தங்கள் கருத்து மதிக்கப்படுகிறது என்று நான்கிலும் இருந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது சரிபார்ப்புகளும் குறித்த நாளில் குறைவின்றி நடந்தேறின. அரசாங்கத்தைத் தாமதம் என்று யாரும் குறை சொல்ல முடியாது. துணிப்பைகளை வைக்க அவள் பின்னறையில் தனியாக ஓர் அலமாரி ஒதுக்க வேண்டியிருந்தது.

எட்டாம் தடவை முப்பது வினாடி முடிகிற நேரத்தில் சீறல் இருமலாகி நின்றது. தராசு பூஜ்யம் காட்டியது. மிதுனனின் முகம் மலர்ந்தது.

"கங்கிராட்ஸ் மேடம்! இருப்பு ஜீரோ. வேலை முடிஞ்சிடுச்சு!"

அங்கேயே நின்று ஃபோனில் தட்டினார். "மேற்படி வாயு முழுவதும் துறையின் நேரடி மேற்பார்வையில் முறைப்படி கையாளப்பட்டது." ஆறு மாதமாக அசையாத உரிமம் நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. விசாலாட்சி காலிச் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று மிதுனன் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் விழா எடுத்தார்கள். பதினெட்டு டிகிரி மண்டபம், பச்சை நிற கேக், "ஓசோன் காவலர்" என்று ஒரு கேடயம். ஸ்வெட்டர் போட்ட இருநூறு பேர் கைதட்டினார்கள். ஸ்வெட்டருக்குள் அதிகம் குளிராததால் சிலர் ஏர்கானை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். கேடயத்தோடு ஒரு நியமனக் கடிதமும் இருந்தது. இனி அந்த வட்டாரத்தின் சமூகச் சரிபார்ப்பாளர் விசாலாட்சிதான். மறுத்தால் உரிமம் மறுபரிசீலனைக்கு உட்படும் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஆறு பேரின் முகமும் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் ரஞ்சன் வந்தான். தோளில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு பழைய சிலிண்டர்.

"ஒளிச்சு வச்சிருந்தேன்க்கா. உங்க படத்தைப் பேப்பர்ல பாத்ததும் வெக்கமாப் போச்சு. இனிமே எல்லாம் சட்டப்படிதான்."

விசாலாட்சி இரண்டு சிலிண்டரின் லேபிளையும் படித்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு அவனைப் பின் சந்துக்குக் கூட்டிப்போனாள். வால்வைத் திறந்தாள்.

"அக்கா! காஸ் வெளிய போகுதே!"

"இது ரிலீஸ் இல்ல ரஞ்சன், வெரிஃபிகேஷன். ரிலீஸுக்குத் தனி ஃபாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.