அம்மாவின் மெனோபாஸுக்கு நான் பார்த்த வைத்தியம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதனால் கரண்ட் பில்லிலிருந்து கர்ப்பப்பை வரை எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில். (நான் படித்தது சிவில் இன்ஜினியரிங்.)

அம்மா கிள்ளானில் ஒரு பள்ளி கேன்டீனில் சமைக்கிறார். ஐம்பத்தொரு வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது, வியர்த்துக் கொட்டியது, தூக்கம் போயிற்று. "அடுப்புக்கிட்ட நிக்க முடியலப்பா. வேலய விட்டுர்றேன்" என்றார். இருபது வருட வேலை.

விடுவேனா? பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை, ஜெல், பேட்ச், ஹார்மோன் இல்லாத மருந்து என நான்கையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தேன். (லாமினேட் செய்திருந்தேன். ஆமாம்.) மருத்துவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் உடல்நிலையை எல்லாம் விசாரித்து, "உங்களுக்கு எது வசதி அக்கா?" என்றார்.

"ஒட்டுறது டாக்டர். முழுங்க மறந்துருவேன்."

வாரத்துக்கு இரண்டு பேட்ச், அடிவயிற்றில்.

வீட்டில், லோரி ஓட்டும் அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னடா?"

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் அருவியாகக் கொட்டிய எனக்கு, அப்பாவிடம் தமிழில் நாக்கு எழவில்லை. "அம்மாவுக்கு இடுப்பு வலிப்பா. பிளாஸ்டர்."

மூன்றாவது வாரமே பெட்டி காலி. பெட்டியிலிருந்த எட்டு பேட்ச்சில் அம்மா ஒட்டியது ஐந்துதான். மறுபடி பிரிக்பீல்ட்ஸ். லோரி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அப்பாவும் வந்தார்.

"கம்பெனிக்காரன் கொறச்சலா போட்ருக்கான் டாக்டர், கம்ப்ளெயின் பண்ணப் போறேன்" என்று நான் முழங்கினேன்.

"சீல் வச்ச பெட்டி தம்பி. வீட்ல யாராச்சும் எடுத்தாங்களா?"

அப்பா சட்டையைத் தூக்கினார். இடுப்பில் வரிசையாக மூன்று பேட்ச். "நான்தான் டாக்டர். லோரில உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு. ஆனா இது சரியில்ல லா. சுள்ளுன்னே இல்ல."

"அங்கிள், இது பொம்பளைங்க ஹார்மோன்!"

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எனக்கு எதாச்சும் வளருமா டாக்டர்?"

"மூணுல ஒன்னும் ஆகாது. மொதல்ல பிச்சி எடுங்க."

"எனக்கு மாசவெலக்கு நிக்குற வயசுங்க, அதுக்குத்தான்" என்றார் அம்மா, நிதானமாக. "உங்களுக்கும் சேத்து நின்னுருக்கும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சவனே, இதச் சொல்ல உனக்கு என்னடா வெக்கம்? இடுப்பு வலின்னு நெனச்சி தெனமும் அவளுக்குத் தைலம் தேச்சிக்கிட்டு இருக்கேன்!"

"நானும் இவருக்கு எங்கேர்ந்து திடீர்னு பாசம்னு பாத்தேன்" என்றார் அம்மா.

இரண்டு மாதத்தில் சூடு தணிந்தது. அம்மா இன்னும் அதே அடுப்பின் முன்னால்தான் நிற்கிறார். அப்பாதான் மாறிவிட்டார். கல்யாண வீட்டில் எந்த ஆன்டியாவது வியர்த்து விசிறிக்கொண்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்:

"மாத்திர இருக்கு, ஜெல் இருக்கு, பேட்ச் இருக்கு. டாக்டர போய்ப் பாருங்க, பயப்படாதீங்க. நானே போட்டுப் பாத்தவன் லா."