கொல்லையில் கட்டிய கறிச்சூளை

இனிமேல் என் வீட்டில் கறி குழம்பில் மிதக்காது, புகையில்தான் வேகும் என்று அறிவித்தேன். நின்றுகொண்டே அறிவித்தேன். உட்கார்ந்து சொன்னால் என் மனைவி பெரியநாயகி எதையும் காதில் வாங்குவதில்லை. நின்று சொன்னாலும் வாங்குவதில்லைதான். ஆனாலும் நிற்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்குப் புதுச் சூளை அமைத்துக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் வந்திருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு டப்பாவைத் திறந்து, புகை போட்ட கறித்துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். வாயில் போட்டேன். அவ்வளவுதான், ஆள் மாறிப்போனேன்! அன்றிலிருந்து பெரியநாயகியின் கறிக்குழம்பைப் பார்த்தாலே வெள்ளம் வந்த மணிமுத்தாறு ஞாபகம் வந்தது. இதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. உங்களோடு இருக்கட்டும்.

அடியில் மெல்லிய தீ, அதன்மேல் ஈரச் சுள்ளி, அதற்கும் மேலே கறி, சுற்றிலும் மூடிய பெட்டி. இவ்வளவுதான் என்று என்ஜினியர் கையாலேயே காட்டினார். மெல்லிய தீக்கு கேஸ்தான் தோது என்றார். பெரியநாயகியின் தொல்லை தாங்காமல் நான் எப்போதோ பேர் எழுதிப்போட்டிருந்த கேஸ், அந்த வாரமே வந்து இறங்கியது. எங்கள் தெருவுக்கே முதல் சிலிண்டர்! தெய்வம் என் பக்கம் என்று குதித்தேன்.

உள்ளே பெரியநாயகியும் குதித்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வருவதற்குள் பழைய மண்ணடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்து, சமையலறையைக் கழுவி, மூலையில் கோலமும் போட்டுவிட்டாள்.

"ஏங்க, இந்த மூலையில வச்சா சரியா இருக்குமா?"

"எதை?"

"கேஸைத்தான்."

"அது கொல்லைக்குப் போவுது பெரியநாயகி."

"கொல்லைக்கா? அடுப்பை யாராச்சும் கொல்லையில வைப்பாங்களா?"

"அடுப்பா? யார் சொன்னது அடுப்புன்னு? இது சூளை!"

"சூளையா?"

"கம்பெனியில இருக்குதே, அதேதான். என் கையால கட்டப்போற சூளை!"

அவள் கோலத்தைப் பார்த்தாள். சிலிண்டரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"சூளைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் 'சரிங்க' சொன்னதே கிடையாது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் பயப்பட மறந்துவிட்டேன்.

வேலை மும்முரமாக ஆரம்பித்தது. ஒரு எண்ணெய் டிரம்மைத் தீயில் காய்ச்சிச் சுத்தம் செய்து, முன்பக்கம் கதவு வெட்டினேன். உள்ளே சூளைச் செங்கல் துண்டுகளை வைத்துப் பூசினேன். அடியில் கேஸ் பர்னர். மேலே கம்பி வலை. அதற்கும் மேலே புகைபோக்கி. புகைபோக்கிக்கு வேறு எதுவும் அகப்படாததால், கம்பெனியில் கோணலாகிப்போய்க் கழித்துக் கட்டிய பீங்கான் சாக்கடைக் குழாயைக் கேட்டு வாங்கி வந்து நட்டேன். பக்கத்து வீட்டு நீலாவதி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னாண்ணே, கொல்லையில கக்கூஸா கட்டுறீங்க?"

"கறிச்சூளை!"

"கறியை எதுக்குண்ணே அதுக்குள்ள வைக்கிறீங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கிவிட்டாள்.

ஒரு கத்திரிக்காயை வைத்து வெள்ளோட்டம் பார்த்தேன். கதவைச் சாத்தியதும் தீ அணைந்தது. காற்று போதவில்லை! டிரம்மின் அடியில் துளை போட்டேன். இப்போது தீ தாண்டவமாடியது. சுள்ளி பற்றிக்கொண்டு எரிந்து, கத்திரிக்காய் கரிக்கட்டையாக வெளியே வந்தது. விடுவேனா? பாதித் துளைகளை மண்ணால் அடைத்தேன். சுள்ளியை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தேன். புகைபோக்கியின் வாயில் தகரத்தால் ஒரு மூடி, கம்பியை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். அடுத்த கத்திரிக்காய் பொன்னிறத்தில், புகை மணக்க மணக்க வந்தது பாருங்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது!

பெரியநாயகியும் கூடமாட நின்றாள். தானாகவே யோசனையும் சொன்னாள்.

"இவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கீங்க. நாம மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? உங்க போர்மேன் அண்ணனை ஞாயித்துக்கெழமை கூப்புடுங்களேன்."

எப்பேர்ப்பட்ட யோசனை! புதுச் சூளைக்கு யாரை மேஸ்திரியாகப் போடுவது என்பது போர்மேன் கோவிந்தசாமியின் கையில் இருந்தது. கறிப்பிரியர். சூளை என்றால் அவருக்குக் கோயில். செருப்போடு கிட்டே போனவனை வாசலுக்கே விரட்டியவர். ஓடிப்போய் அழைத்துவிட்டு வந்தேன்.

"அது போவட்டும், மண்ணடுப்பைத் திரும்பப் போட்டியா?" என்று கேட்டேன். அவள் மூன்று செங்கல்லை வைத்துத்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணு காயலீங்க. காயாம பத்த வச்சா வெடிச்சுடும். உங்களுக்குத் தெரியாததா?"

பீங்கான் தொழிலாளி அதை எப்படி மறுக்க முடியும்?

சனிக்கிழமை ஆட்டுத்தொடை ஒன்றை வாங்கி, மிளகும் உப்பும் தடவித் தொங்கவிட்டேன். புகைக்குக் கொய்யாச் சுள்ளியை ஊறவைக்கச் சொன்னேன். எல்லாம் தயார்.

ஞாயிறு காலை தீப்பெட்டியை எடுத்தேன். பெரியநாயகி குளித்து, பட்டுச் சேலை கட்டி, தாம்பாளத்தோடு வந்து நின்றாள்.

"என்னாது இது?"

"புதுச் சூளைங்க. பூஜை போடாம பத்த வைப்பாங்களா? உங்க கம்பெனியில எப்புடி?"

"கம்பெனியில போடாம இருப்பமா? ஆனா இது..."

"சூளைதானே?"

"சூளைதான்!" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்குச் சத்துரு. அதோடு, எங்கள் தொழிலில் பூஜை போடாமல் சூளையை மூட்டினால் மனசு அடித்துக்கொள்ளும். போர்மேன் வருகிற நாள் வேறு. நானே டிரம்முக்குச் சந்தனம் பூசினேன், குங்குமம் வைத்தேன். சாக்கடைக் குழாய்க்கு மாலை போட்டேன். பெரியநாயகி மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக் கொடுத்தாள். கம்பி வலையின் நட்டநடுவில் என் கையாலேயே உட்கார வைத்தேன். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டும் நேரத்தில் கோவிந்தசாமி உள்ளே வந்தார். பார்த்ததும் செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு வந்து, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒலகநாதா! வூட்லயும் சூளைக்குப் பூஜை போடுற பாரு, நீதான்யா தொழிலாளி!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. மேஸ்திரி வேலை கைக்கு வந்தாயிற்று என்று துள்ளிக் குதித்து, உள்ளே போய் ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அண்ணே, கொஞ்சம் நவுருங்க. கறியை உள்ள வைக்கணும்."

அவர் முகம் வெளுத்தது.

"எதுக்குள்ள?"

"சூளைக்குள்ளதான்."

"அட பாவி! உள்ள புள்ளையார் இருக்காரு!"

"அவரை எடுத்து வெளிய வச்சிட்டு..."

"வச்சிட்டு? புள்ளையார் உக்காந்த எடத்துல ஆட்டுத்தொடையா? பூஜை போட்ட சூளையில கவுச்சியா? நீ கம்பெனிச் சூளையிலயும் இதத்தான் பண்ணுவியா?"

மேஸ்திரி வேலை கண்ணெதிரே ஆடியது. நான் பெரியநாயகியைப் பார்த்தேன்.

"இது அடுப்புன்னு சொல்லு பெரியநாயகி!"

"அய்யோ, நான் அப்பவே அடுப்புன்னுதாங்க சொன்னேன். நீங்கதான் சூளைன்னீங்க."

தொடை என் கையில் கனத்தது. கோவிந்தசாமிக்கோ கோபத்தோடு பசியும் சேர்ந்துகொண்டது.

"சரி, போவட்டும். கறியைத் தங்கச்சிகிட்ட குடு. குழம்பு வச்சிடட்டும்."

"எதுலண்ணே வைப்பேன்?" என்றாள் பெரியநாயகி அப்பாவியாக. "மண்ணடுப்பு காயலை. செங்கல்லுல வைக்கலாம்னா வெறவெல்லாம் ஈரம். சுள்ளியை ஊற வைன்னாரு. எது சுள்ளி, எது வெறவுன்னு எனக்கு என்னா தெரியும்? எல்லாத்தையும் தொட்டியில போட்டுட்டேன்."

"கேஸ் இருக்குது இல்ல? புடிய்யா அந்தப் பக்கம்!"

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மூலையில் வைத்தோம். பர்னரையும் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அன்றும் அந்த மூலையில் கோலம் போட்டிருந்தது. தீக்குச்சி கிழித்ததும் நீலமாகப் பூத்தது. பெரியநாயகி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, நேர்மையாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

"இது இனிமே இங்கயே இருக்கட்டும் தங்கச்சி," என்றார் கோவிந்தசாமி. "புள்ளையாருக்கு கேஸ் எதுக்கு?"

ஒரு மணி நேரத்தில் குழம்பு கொதித்து, மணம் தெருவைத் தூக்கியது. நீலாவதி மதிலில் மறுபடி முளைத்தாள். சரி, புகை போனால் போகட்டும், குழம்பாவது கிடைத்ததே என்று நாக்கில் ஜலம் ஊற இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோவிந்தசாமி இலையில் கறி குவிந்தது. என் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றது.

"அண்ணே, பூஜை போட்டவங்க கவுச்சி தொடலாமுங்களா?"

"தொடவே கூடாது!" என்றார் அவர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "ஒரு மண்டலம் சுத்தமா இருக்கணும்."

என் இலையில் தயிர்சாதம் விழுந்தது.