மஞ்சள் கோழி அசனம்

கவலைப்படுகிற ஆளிடம் கத்தியைக் கொடுத்தாலும் கொடுக்கலாம். மைக்கைக் கொடுக்கக் கூடாது. என்னைத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். (பரீட்சைக்குப் பயந்து.)

தக்கலைக்குப் பக்கத்தில் பிராய்லர் கோழி வளர்க்கிறேன். எங்கள் சர்ச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் உண்டு; சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அந்த வருஷம் கறிக்கான கோழி என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கியது.

கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். சதை பிடிக்க சோயாப் புண்ணாக்கு. மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். சோயா தின்ற கோழியைத் தின்றால் ஆண்பிள்ளைகளுக்கு மீசை முளைக்காதாம். பேசியவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். என் மண்டைக்கு அது போதும். கண்ணாடி பார்த்தேன். என் மீசை கொஞ்சம் மெலிந்த மாதிரிதான் இருந்தது. சபையின் வருங்கால மீசைகளெல்லாம் என் பொறுப்பாகிவிட்டன.

சோயாவை நிறுத்தினேன். பதிலுக்கு முருங்கை இலையில் புரதம் உண்டு, கொஞ்சம் கலக்கலாம் என்றான் அதே மச்சான். கொஞ்சம் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, சாக்கு சாக்காய்க் காயவைத்துப் பொடித்துக் கொட்டினேன். கோழிகள் புறா அளவுக்கு மேல் வளரவில்லை.

“கோழிக்கும் ஒங்க கவல பிடிச்சிருக்கு,” என்றாள் மனைவி புஷ்பம்.

அசனத்தன்று காலை கோழிகளை அறுத்தபோது தோலும் கொழுப்பும் பளிச்சென்று மஞ்சள்.

“என்ன வோய், ஒம்ம கோழிக்கி மஞ்சக் காமாலையா?” என்றார் சமையல்கார தங்கராஜ் அண்ணன். “நல்லதாப் போச்சு, கறிக்கி மஞ்சப்பொடி வேண்டாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காமாலை என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. பாடகர் குழுவின் மைக்கைப் பிடுங்கினேன்.

“கோழிக்கு மஞ்சக் காமாலை. யாரும் தொடாதீங்க. தொட்டவங்க குளிச்சிருங்க.”

ஞாயிறு உடுப்போடு சபை பைப்படிக்கு ஓடியது. வாலிபர்கள் தென்னை மூட்டில் குழி வெட்டி, கோழிகளைத் தள்ளி, பிளீச்சிங் பொடி தூவி மூடினார்கள். ஊரைக் காப்பாற்றிய பெருமையோடு நான் மேற்பார்வை பார்த்தேன்.

பிறகுதான் எங்கள் சபையின் கால்நடை டாக்டரம்மா வந்தார்.

“தீனிக்கி என்ன போட்டீங்க?”

“முருங்கை இலை. சாக்குக் கணக்குல.”

“அந்த எலையில உள்ள நெறம்தான் தோல்ல ஏறியிருக்கு. நோயெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு கோழியாவது இருக்கா, பாக்க?”

தங்கராஜ் அண்ணன் குழியைக் காட்டினார். “பாட்டுப் பாடி அடக்கம் பண்ணல்ல, அது ஒண்ணுதான் பாக்கி.”

சோறு, பருப்பு, பப்படம். அதுதான் அந்த வருஷ அசனம். ‘கறி எங்க?’ என்று கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பெரியவர்கள் என்னைக் காட்டினார்கள்.

போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். அன்றைக்குப் பருப்பு தின்றவராம். சம்பந்தத்துக்குச் சம்மதித்தார். கல்யாணச் சாப்பாட்டை மட்டும் தாங்களே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

“ஆளு நல்லவருதான். கெட்ட கறி போடமாட்டாரு. நல்ல கறியயும் போட விடமாட்டாரு.”

சம்பந்தி அன்று சொன்ன இதைப் புஷ்பம் இன்றும் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு முதல் கரண்டிக் குழம்போடு சேர்த்துப் பரிமாறுகிறாள்.