சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டாமா?

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணியும் நானும் உடம்பளவில் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ சொன்னால்தானே தெரியும்? பதினோரு நாளாகப் போனை எடுக்கவில்லை. கிழிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

வானொலியில் பாடகர்களை நேரலையில் பாடவைத்துப் பேட்டி எடுக்கும் நிகழ்ச்சி என்றால் எனக்கு உயிர். மூச்சு வாங்குவது, நாற்காலி கிறீச்சிடுவது எல்லாம் அப்படியே கேட்கும். ஆனால் பாட்டு சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, "எத்தனை வயசுல பாட ஆரம்பிச்சீங்க?" என்று தொகுப்பாளர்கள் குறுக்கே விழுவார்கள். அவர்களை வாயை அடக்கச் சொல்லி நிலையத்துக்கு மாதம் ஒரு கடிதம் போட்டவன் நான். அந்தப் புண்ணியத்தில்தான், அந்த நிகழ்ச்சியில் நீ பாடப் போன அன்று உனக்குத் துணையாக வந்த என்னிடம் தொகுப்பாளர், "கடிதக்கார ஐயாவா? நீங்களும் உள்ள வந்து உக்காருங்க" என்றார். பாவம், இன்றைக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறாரோ.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். சிவப்பு என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததும், சரி, ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள் என்று மைக்கில் சாய்ந்து ஆலோசனை சொன்னேன். "தம்பி, இவ பல்லவி பாடும்போது வெட்டாதீங்க, அருமையா இருக்கும். சரணத்துல மேல போறப்ப கொஞ்சம் இழுபறி. அங்க வேணா குறுக்க பேசி மறைச்சுடுங்க. இவ சாதகம் பண்ண உக்காந்தாலே எங்க மாப்பிள்ளை குளிக்கப் போயிடுவாரு. ஒரு நாளைக்கு மூணு குளியல், பாவம்." நீ கையைக் கையை ஆட்டினாய். ஆமோதிக்கிறாய் என்று நினைத்து, "இவளுக்கு அம்பத்தி நாலுன்னா நம்புவீங்களா?" என்று உன் வயதையும் சொல்லித் தொலைத்தேன். அங்கே சிவப்பு எரிந்தால் ஒலிபரப்பு ஓடுகிறது என்று அர்த்தமாம். ஊரே கேட்டிருக்கிறது. இருபது வருஷம் நீ காத்திருந்த நாள் அது. அதில் மண்ணைப் போட்டவன் நான்தான். நினைத்தால் சோறு இறங்கவில்லை, அம்மா.

தொகுப்பாளர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகு, வாசல் காவலாளியின் ரேடியோவில் உன் பாட்டைக் கேட்டேன். சரணத்தில் நீ ஏறிய உயரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இழுபறியாவது ஒன்றாவது! நான் சொன்னதெல்லாம் சுத்தப் பொய்.

மாப்பிள்ளையிடம் மன்னிப்போடு விசாரித்ததாகச் சொல். உன் குரல் நூறு வருஷம் இருக்கட்டும். கோபம் இந்த வாரத்தோடு போகட்டும்.

இப்படிக்கு,
வாய் பெருத்த அண்ணன்

பின்குறிப்பு: மனசு உறுத்துகிறது. உன் பாட்டு ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. "இது என் தங்கச்சி, பாருங்க, என் தங்கச்சி" என்று காவலாளியிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன். "பெரியவரே, கொஞ்சம் வாயை மூடுங்க, பாட்டு கேக்கணும்" என்று அவர் கெஞ்சியும் நிறுத்தவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. தொண்டை அடைத்தது அவருக்குத்தான். போனை எடு, அம்மா. எனக்காக ஒரு தடவை பாடு. முடியும்வரை என் வாயைப் பொத்திக்கொள்வதாக உன் அண்ணி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.