சிமிட்டாத விளக்கும் மாப்பிள்ளையின் ஐந்து நிமிடமும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் எங்கள் பெண்ணும் நலமாகவே இருப்பீர்கள். இனி வருவதைக் கோபத்தோடு எழுதுகிறேன். முன்பு இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் கோபம் போதவில்லை.

அத்தைக்குக் காது மந்தமானது உங்களுக்குத் தெரியும். போன மாதம் காய்கறிப் பையோடு மழையில் நாற்பது நிமிடம் பெல்லை அழுத்திக்கொண்டு நின்றேன். மாடி வீட்டார், எதிர்வீட்டார் எல்லாரும் கதவைத் திறந்தார்கள். கடைசியில் தற்செயலாகக் கதவைத் திறந்த அத்தை, "மழையில எதுக்குங்க நிக்கிறீங்க? பெல் அடிக்கக் கூடாதா?" என்றாள். பெல் அடித்தால் உள்ளே விளக்கு சிமிட்டும்படி செய்யலாம் என்று சொன்னது நீங்கள். "அஞ்சு நிமிஷ வேலை மாமா. முதல்ல விளக்கைச் சிமிட்ட வைங்க, பெல்லை நான் வந்து இணைச்சுத் தர்றேன்" என்று, குட்டி விளக்கு வைத்த உள்ளங்கையளவு எலக்ட்ரானிக் போர்டு ஒன்றை அனுப்பினீர்கள். ஐந்து நிமிடமா? இன்று ஒன்பதாவது நாள்! போன் வயரைச் செருகினால் கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அது சார்ஜ் மட்டும் ஏற்றும் வயராம், அதை அறியவே மூன்று நாள். பிறகு வேறு வயர் வாங்கிச் செருகி, நீங்கள் கொடுத்த தாளைப் பார்த்து புரோகிராமை வரி வரியாக அடித்தேன். அதில் விளக்கு எரியும் நேரம், அணையும் நேரம் என்று இரண்டு இடத்தில் 'ஆயிரம்' என்றிருந்தது. ஆயிரம் விநாடி என்றால் பதினாறு நிமிடம் நாற்பது விநாடி. ஒரு தடவை சிமிட்டுவதற்குள் நான் மழையில் கரைந்தே போவேன்! உங்கள் கைத்தவறு என்று இரண்டையும் 'ஒன்று' ஆக்கினேன். விளக்கு எரிந்தது, அதுவும் மங்கலாக. சிமிட்டவில்லை. போனில் நீங்கள், "எதையும் மாத்தலையே மாமா?" என்றபோது, சொன்னால் உங்கள் மனம் நோகுமே என்று "இல்லை" என்றேன். "அப்ப சிமிட்டத்தான் செய்யும், நல்லாப் பாருங்க" என்கிறீர்கள். எதைப் பார்க்க? ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் பார்த்தேன். அதுவும் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தது. எரிந்தபடியே இருக்கும் விளக்கை வைத்து, வாசலில் ஆள் நிற்பது இவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்துல உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சொல்ல வச்சுட்டீங்களே!

போர்டைத் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும். இந்தக் கோபத்திலும் அதை மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தை கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்து, "ஏங்க, ஆயிரம்னா ஒரு செகண்டுன்னு மாப்பிள்ளை குடுத்த தாள்லயே போட்டிருக்கே, நீங்க எதுக்கு ஒண்ணுன்னு போட்டீங்க?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்து, ஒரு பங்கு அணைந்து, இத்தனை நாளும் அது விநாடிக்கு ஐந்நூறு தடவை சிமிட்டியிருக்கிறது; என் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. மேலே ஆசீர்வாதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும்; மறுபடி எழுதத் தாள் இல்லை. போர்டு இங்கேயே இருக்கட்டும். பெல்லை இணைக்க ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். இந்தக் கடிதத்தையும் அத்தைதான் தபாலில் போடப் போகிறாள்; நீங்கள் வந்து பெல்லை இணைக்கும்வரை நான் வீட்டை விட்டு இறங்குவதாக இல்லை.