பொடி சார் சொன்ன ஒரே பொய்

திருவொற்றியூரில் பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டீர்கள். அவருக்கு எதிர் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து டைப் அடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இருந்தார். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பதைவிட ஜெயிலுக்குப் போய்விடலாம்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் பொடி சார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மூக்குப்பொடி மட்டை வெளியே வரும். இரண்டு விரலால் அள்ளி இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டால்தான் பேனாவின் மூடியைத் திறப்பார். வயசுப் பிள்ளையாக இருந்தபோது பிடித்த பழக்கம். நான் பார்க்கிற காலத்தில் அவருக்கு மூக்கு என்பது கண்ணாடி நிற்பதற்கான இடம், அவ்வளவுதான்.

ஒரு நாள் முதலாளியின் மச்சான் போன் செய்தார். "நான் இல்லைன்னு சொல்லிடுங்க" என்றார் முதலாளி. பொடி சார் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "நீங்க கொஞ்சம் வெளியே போனீங்கன்னா சொல்லிடறேன் சார்" என்றார். சித்திரை வெயிலில் முதலாளி லாரி ஷெட்டு வாசலில் போய் நின்றார். பொடி சார் போனில் பதில் சொன்னார்: "ரூம்ல இல்லைங்க. வெளியே வெயில்ல நின்னுகிட்டிருக்கார்."

இப்படிப்பட்டவரை முதலாளி ஏன் வேலையில் வைத்திருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். காரணம் பிறகுதான் தெரிந்தது.

எங்களுடையது துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி விடுகிற கம்பெனி. ஷெட்டுக்கு அடியில், முதலாளியின் அப்பா காலத்தில் புதைத்த டீசல் தொட்டி. கடலோர மண், உப்புத் தண்ணீர், இரும்பு எத்தனை காலம் தாங்கும்? ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் நான் குடியிருந்தேன். தன் மனைவி இறந்த பிறகு பொடி சாரும் அங்கேயே ஒரு மாடி அறைக்கு வந்துவிட்டார். சந்துக்கே ஒரு அடிபம்பு. தொண்ணூறுகளின் கடைசியில் அதில் டீசல் வாடை அடிக்க ஆரம்பித்தது. அதில் குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுத் தண்ணி லாரிக்கு ஓடினார்கள், வரிசையில் சண்டை போட்டார்கள். பொடி சார் மட்டும் அந்தப் பம்பில் நிம்மதியாக அடித்து, பொங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல சந்து தம்பி. பம்புல கூட்டமே இல்லை" என்று என்னிடமே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மேலே இருந்து ஓர் உத்தரவு வந்தது. மண்ணுக்கடியில் எண்ணெய் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். கசிவு இருப்பது தெரியவந்தால் ஒரு நாளைக்குள் சொல்ல வேண்டும். கெட்டுப்போன மண்ணை அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், செய்ததற்கும் அறிக்கை தர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். எங்கள் முதலாளியின் மூளை அதைவிட நல்ல மூளை.

டீசலில் நனைத்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். என் பக்கம் வரும்போதே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொடி சாரின் மூக்குக்கு நேராக நீட்டி, "என்ன வாடை வருது சார்?" என்றார். பொடி சார் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையேங்க" என்றார்.

"நீங்கதான் சார் ஆபீசர்" என்றார் முதலாளி.

அறிக்கையில் ஒரு கேள்வி: 'தொட்டியைச் சுற்றி வாடை ஏதும் தங்களுக்குத் தெரிந்ததா?' மாசம் பிறந்தால் பொடி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வருவார். தரையில் மண்டி போட்டு மோப்பம் பிடிப்பார். டிரைவர்கள் கைலியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். திரும்பி வந்து, 'எனக்கு ஏதும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சத்தியமான வாக்கியம். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அரசாங்க ஆபீஸ்வரை தெரிந்த விஷயம் என்பதால், அவர் கையெழுத்துக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

"சார், சந்தே நாறுது. குழந்தைங்க சொறிஞ்சுகிட்டு நிக்குதுங்க" என்று நான் கத்தினேன்.

"உங்க மூக்குக்குத் தெரியுது தம்பி. அவன் 'தங்களுக்கு'ன்னுதானே கேட்டிருக்கான்? என் மூக்கை வச்சுத்தானே நான் எழுதணும்?"

ஆளைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் கை வராது.

ஆடி அமாவாசை வந்தது. அன்று பொடி சார், எப்போதோ இறந்துபோன தன் அப்பாவுக்குப் படையல் போடுவார். சாதம், சாம்பார், வடை, பாயசம், எல்லாம் தன் கையாலேயே செய்வார். இலையில் வைத்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துக் 'கா, கா' என்று கூப்பிட்டார். காக்காய்கள் வந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்று வடையைக் கொத்தியது, கீழே போட்டது, அலகைச் சுவரில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. பிறகு மொத்தக் கூட்டமும் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா காயப்போட்டிருந்த நெத்திலிக்குப் பறந்துவிட்டது. காக்காய் வடையை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காக்காய் தொடாமல் அவர் சாப்பிட மாட்டார். மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா கோபித்துக்கொண்டார், அப்படியென்றால் தான் எங்கோ பொய் சொல்லியிருக்க வேண்டும், எங்கே என்று ஆராய்ச்சி. நடுவில் இறங்கிப் போய் முதலாளியின் மச்சானுக்குப் போன் செய்து, "அன்னிக்கு அவர் ரூமை விட்டுப் போனது நான் சொல்லித்தாங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். புதிதாக வடை சுட்டு வைத்தார். காக்காய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆரோக்கியம் அக்கா மீனைப் புரட்டிப் போட வந்தவள் பார்த்தாள். "இன்னா சார், சோத்தாண்ட குந்திகினு அழுவுறீங்கோ?"

"அப்பா சாப்பிட மாட்டேங்கறார்மா. நான் ஏதோ பொய் சொல்லியிருக்கேன்."

"உங்க நைனாவுக்கு ஒரு கோவமும் இல்ல சார். அந்த பம்பு தண்ணில பொங்கினா எப்டி துன்னும்? பூரா டீசலு, கலீஜு. காக்காக்கு மூக்கு கீது. உங்களுக்குத்தான் இல்ல."

மனிதர் எழுந்தார். சாப்பிடவில்லை. என்னை வீட்டிலிருந்து கிளப்பி ஆபீசுக்கு இழுத்துப் போனார். கசிவு இருப்பது அவருக்குத் தெரியவந்துவிட்டது, ஒரு நாளைக்குள் சொல்லியாக வேண்டும். அறிக்கையில் கசிவு இருக்கிறது என்று எழுதி, 'பிற அறிகுறிகள்' என்ற இடத்தில், 'அமாவாசைப் படையலைக் காகங்கள் ஏற்கவில்லை' என்று டைப் அடிக்கச் சொன்னார்.

"சிரிப்பாங்க சார்."

"நான் பார்த்தது அதுதானே தம்பி?"

சிரித்தார்கள். ஆனாலும் கூப்பிட்டு அனுப்பினார்கள். டைப் அடித்தவன் என்று நானும் போனேன். முதலாளி எங்களுக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி அறிக்கைகளைப் பரப்பி வைத்தார்.

"போன மாசம் வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப கசிவுன்னு எழுதியிருக்கீங்க. இதுல எது சார் பொய்?"

"ரெண்டும் உண்மை சார்."

"ரெண்டும் உண்மைன்னா விசாரணை வைக்கணும். அது முடியற வரைக்கும் தொட்டியை யாரும் தொடக் கூடாது. அது சாட்சி."

சாட்சி அதுவரைக்கும் சும்மா இருக்காது, ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. விசாரணைக்கு எத்தனை நாள் ஆகும் என்று பொடி சார் கேட்டார். "நாளா? நீங்க ரிடையர் ஆயிடுவீங்க" என்றார் அதிகாரி. இன்னொரு வழியும் இருந்தது. 'கசிவு இருப்பது தெரிந்தே, கம்பெனிக்கும் மறைத்து, தவறான அறிக்கைகள் தந்தேன்' என்று பொடி சார் எழுதிக் கொடுத்தால் விசாரணையே தேவையில்லை. கம்பெனியும் உடனே தோண்டச் சம்மதிக்கும்.

அப்படியே எழுதி வைத்திருந்த தாளை அதிகாரி நீட்ட, பொடி சார் வாங்கிப் படித்தார். "இந்தத் 'தெரிந்தே'ங்கறதை மட்டும் 'தெரியாமல்'னு மாத்திக்கலாங்களா?"

"தெரியாமல்னா, மூக்கு வேலை செய்யாத ஆளை ஏன் வச்சீங்கன்னு நான் கம்பெனியைக் கேக்கணும். மறுபடி விசாரணை."

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி மட்டையை எடுத்த பொடி சார், போடாமலேயே பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டா நாளைக்கே தோண்டுவீங்களா?"

"நாளைக்கே."

போட்டார். வாழ்க்கையில் ஒரு பொய், அதையும் கையெழுத்தோடு சொன்னார்.

வேலை போனது. போகட்டும். சந்துக்காரர்கள் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. தெரிந்தே மறைத்தான், நம் பிள்ளைகளை நாசம் பண்ணினான் என்று பம்படியில் நின்று திட்டினார்கள். ஆரோக்கியம் அக்கா மட்டும்தான் எதிர்த்து நின்றாள். "அந்தாளுக்கு பொய் சொல்லவே தெரியாதுடா. உங்களுக்கோசரம் இப்பத்தான் கத்துக்கினு வந்து சொல்லிக்கீறாரு. இதுக்கு மேல எவனாவது பேசினா பேஜாராய்டும்." அதற்குப் பிறகு அவள் காதுபடப் பேசுவதை மட்டும் நிறுத்தினார்கள்.

சொன்னபடி தோண்டினார்கள். தொட்டியைத் தூக்கினார்கள். மேலாக இருந்த கறுத்த மண்ணை எங்கள் லாரிகளிலேயே அள்ளிக்கொண்டுபோய், கத்திவாக்கம் பக்கம் ஜனங்கள் இறால் பிடிக்கிற கழிமுகத்து ஓரமாகக் கொட்டினார்கள். அடியில் இருந்த மண்ணை அப்படியே விட்டு மூடினார்கள். புதிய பொறுப்பு அதிகாரி, 'மாசுபட்ட மண் முழுவதும் அகற்றப்பட்டது, நிலம் தூய்மையாக உள்ளது' என்று முடிவு அறிக்கை கொடுத்தார். எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவார் அவர். அப்படி ஒரு மூக்கு.

பொடி சாருக்குக் கும்மிடிப்பூண்டியில் மகள் வீடு. ரயிலேற்றிவிட நான் மட்டும்தான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ். பிளாட்பாரத்தில் நிற்கும்போது கேட்டார்.

"தம்பி, எனக்குத்தான் தெரியாது. நீங்க சொல்லுங்க. தண்ணி இப்ப எப்படி இருக்கு?"

அன்று காலையில்கூட அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க முடியாமல்தான் கிளம்பி வந்திருந்தேன்.

"இளநி மாதிரி இருக்கு சார்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்த மனுஷனை வெறுங்கையோடு ரயிலேற்ற எனக்கு மனசு வரவில்லை.